ஏற்பதென்பது தோற்பதன்று

காலில் முள் தைத்தால் அதைப் பிடுங்கி எறிகின்றோம். பல் நொந்தால் வைத்தியரிடம் சென்று அதைக் களைவித்துக் கொள்கின்றோம். நோவு எதுவாயினும் அதனை அகற்றுவதே அறிவு என்பது மனிதன் நெடுங்காலப் பழக்கத்தாற் பெற்ற பாடம். உடலைப் பொறுத்தமட்டில் அப்பாடம் பெரும்பாலும் பொருந்தும். உள்ளத்தைப் பொறுத்தமட்டிலோ அதே பாடம் சில வேளைகளில் மனிதனை வீழ்த்திவிடுகின்றது.

மகனை இழந்த தாயொருத்தி அவன் நினைவைப் பிடுங்கி எறிய முயல்கின்றாள் என்று வைத்துக்கொள்வோம். அவன் படித்த பள்ளிக்கூடம் இருக்கும் வீதியால் அவள் போகமாட்டாள். அவனுடைய தோழனின் கலியாணத்துக்குச் செல்லமாட்டாள். அவனுக்கு விருப்பமான கறியைச் சமைக்கமாட்டாள். பிறகு கோயிலுக்குப் போவதும் நின்றுவிடும். அங்கே யாரேனும் அவனைப்பற்றி விசாரிக்கக்கூடும் அல்லவா? இவ்வாறு ஒவ்வொரு கதவாக அடைத்துக்கொண்டு வந்தால், ஈற்றில் எஞ்சுவது ஒரு சிறிய அறையே. துயரமோ அந்த அறைக்குள்ளும் அவளுடன் வந்து அமர்ந்திருக்கும். துயரம் குறையவில்லை, வாழ்வே குறைந்து போயிற்று.

இத்தகைய நிலையில் உள்ளோருக்கென உளவியலறிஞர் கண்ட வழிகளுள் ஒன்று, ஏற்பை அடிப்படையாகக் கொண்ட குழுச் சிகிச்சையாகும். அதனை நாடி வருவோர் அங்கே எதனை உணர்கின்றனர், எதற்கு அஞ்சுகின்றனர், எதனைப் பெற்றுச் செல்கின்றனர் என்பதே இன்றைய உரையின் பொருள்.

முதலில் அதன் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். நோயாளரைக் கூட்டமாக அமர்த்திப் பேசவைக்கும் முறை 1905ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் தொடங்கிற்று. ஜோசப் பிராட் என்னும் வைத்தியர் வறிய காசநோயாளர்களை வாரந்தோறும் ஒன்றுகூட்டி அறிவுரை கூறினார். தம்முடைய அறிவுரையைவிட, ஒருவரை ஒருவர் கண்டு பேசியதே அவர்களுக்கு மிகுந்த தெம்பைக் கொடுத்தது என்பதை அவர் கண்டார். ஏற்பு என்னும் கருத்துக்கு வேறொரு வழிவரவு உண்டு. யப்பானில் ஷோமா மொரிட்டா என்னும் உளமருத்துவர் 1919ஆம் ஆண்டளவில், அச்சத்தோடு போராடாது அதனை உள்ளபடியே இருக்கவிட்டுத் தம் கடமையைச் செய்யுமாறு நோயாளருக்குப் பயிற்சியளித்தார். 1979இல் ஜோன் கபாட்-சின் என்பவர் அமெரிக்க வைத்தியசாலையொன்றில், தீராத நோவுடையோரைக் குழுவாக அமர்த்தி, மூச்சையும் உடலையும் அமைதியாகக் கவனிக்கும் பயிற்சியைத் தொடங்கினார். அந்நாட்டு உளவியலறிஞர் ஸ்டீவன் ஹேய்ஸ் 1980களிலே தோற்றுவித்த முறை, ஏற்பும் உறுதிப்பாடும் சார்ந்த சிகிச்சை எனப் பெயர் பெற்றது. வேண்டாத எண்ணத்தையும் உணர்ச்சியையும் துரத்துவதற்குச் செலவாகும் ஆற்றலை மீட்டு, வாழ்வில் தாம் மதிக்கின்றவற்றைச் செய்வதற்கு அதனைப் பயன்படுத்துவது என்பதே அதன் சாரம்.

இவையெல்லாம் பிறநாட்டுச் செய்திகள். குடாநாட்டுக்கு இவற்றால் ஆவதென்ன என்று கேட்போர் கோப்பாயை எண்ணிப் பார்க்கலாம். யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறை நோக்கிச் செல்லும் வீதியிலே, செம்மண் தோட்டங்களும் ஆசிரிய கலாசாலையும் கொண்டு விளங்கும் ஊர் அது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுவாசலை விட்டு வெளியேறியபோது கோப்பாயும் உடன் வெளியேறிற்று. மழையில் நனைந்தபடி, முதியோரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, தென்மராட்சிக்கும் அப்பால் வன்னிக்கும் சென்ற குடும்பங்கள் பல. 1996ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் மீண்டு வந்தவர்களும் உளர். திரும்பி வராதவர்களும் உளர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை குடாநாட்டின் கீழ்க்கரையை அழித்தது. 2009இல் வன்னியிலே போர் முடிந்த விதம் குடாநாட்டிலுள்ள உறவினரின் வீடுகளிலும் இழவாக வந்து இறங்கிற்று. இவ்வாறு அடுத்தடுத்து நிகழ்ந்தவற்றின் தழும்பு எத்தகையது என்பதை உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1993இல் 'மனவடு' என்னும் நூலின் வாயிலாகத் தமிழிலே எடுத்துரைத்தார். உளவளத்துணைக்கும் அதற்கான பயிற்சிக்குமெனச் சாந்திகம் என்னும் நிலையம் யாழ்ப்பாணத்திலே தோன்றிற்று. ஆதலின் உளத்துயரைப் பேசித் தணிக்கும் முறை இம்மண்ணுக்குப் புதியதன்று.

இனி, ஒரு குழுவை மனத்திலே அமைத்துப் பார்ப்போம். இது கற்பனைக் குழு. ஆயினும் இத்தகைய குழுக்களில் அமர்ந்தோர் உணர்வதாக அறியப்பட்டவற்றைக் கொண்டு அமைப்பது. கோப்பாயில் ஒரு சனசமூக நிலையம். மாலை நான்கு மணி. கதிரைகள் வட்டமாக இடப்பட்டுள்ளன. எட்டுப் பேர் வந்திருக்கின்றனர். இடுப்பு நோவென்று பல வைத்தியர்களைக் கண்டும் தீராத தோட்டக்காரர் ஒருவர், பேருந்தில் ஏறினால் நெஞ்சு படபடக்கும் இளம் ஆசிரியை ஒருத்தி, ஆழிப்பேரலையில் மனைவியைப் பறிகொடுத்தவர், மிதிவெடியில் காலை இழந்த இளைஞன், மகன் காணாமற்போன தாய், இன்னும் மூவர். அவர்களை நடத்திச் செல்ல உளவளத்துணையாளர் ஒருவர்.

முதல்நாள் எல்லோருக்கும் பொதுவாக இருப்பது அச்சமே. 'எனக்கு ஒன்றுமில்லை, நித்திரைதான் வருகுதில்லை' என்பார் ஒருவர். 'தலையிடிதான்' என்பார் மற்றொருவர். உள்ளத்தின் நோவை உடலின் நோவாகவே சொல்லிப் பழகிய சமூகம் நம்முடையது. அதற்குக் காரணமும் உண்டு. தலையிடி என்றால் ஊர் இரங்கும். மனநோய் என்றால் 'விசர்' என்று ஊர் ஒதுக்கும். தங்கைக்கு வந்த சம்பந்தம் குழம்பிவிடுமோ என்று அண்ணன் அஞ்சுவான். இங்கே கதைப்பது படலையைத் தாண்டி வெளியே போய்விடாதா என்னும் ஐயம் எட்டுப் பேருக்கும் இருக்கும். ஆகவே முதல்நாளில் அவர்கள் செய்யும் உடன்படிக்கை, இங்கே கேட்டதை வெளியே கொண்டு செல்வதில்லை என்பதாகும். அவ்வுடன்படிக்கை காப்பாற்றப்படுகின்றது என்று கண்ட பின்னரே வாய்கள் திறக்கும். அதற்கு இரண்டு மூன்று வாரங்கள் ஆகலாம்.

அடுத்து வருவது ஏமாற்றம். நோவை நீக்கித் தருவார்கள் என்று வந்தவரிடம், நோவை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னால் அவருக்குச் சினம் வருவது இயல்பே. 'எல்லாம் விதி என்று விட்டுவிடச் சொல்லுகிறீர்களோ? அதைச் சொல்ல ஊரிலே ஆட்கள் இருக்கிறார்கள்' என்று தோட்டக்காரர் கேட்கக்கூடும். அவ்வினாவிற்கு விடை கூறாது இச்சிகிச்சை ஓரடியும் முன்னே செல்லமாட்டாது.

விடை இதுதான். புயற்காற்று வீசும் இரவிலே ஒருவன் கதவைத் தோளால் முட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்கின்றான். காற்று உள்ளே வரவில்லை என்பது மெய். ஆனால் அவனால் அடுப்பை மூட்ட முடியாது, அழுகின்ற பிள்ளையைத் தூக்க முடியாது, உறங்கவும் முடியாது. கதவை விட்டு விலகினால் காற்று உள்ளே வரும், பாத்திரங்கள் உருளும், விளக்கும் அணையலாம். எனினும் அவனுடைய இரண்டு கைகளும் அவனுக்குத் திரும்பக் கிடைக்கும். ஏற்பு என்பது காற்றை நல்லதென்று சொல்வதன்று; கைகளை மீட்டுக்கொள்வது. விதியென்று ஒதுங்குபவன் செயலை விடுகின்றான். ஏற்றுக்கொள்பவன் செயலைத் தொடங்குகின்றான்.

மூன்றாவதாக வருவது பயிற்சி. மூச்சைக் கவனித்தல், நிலத்திலே பதிந்துள்ள பாதங்களை உணர்தல், சுற்றியுள்ள ஒலிகளைக் கேட்டல் ஆகியன எளியனவாகத் தோன்றும். ஆனால் கண்ணை மூடியவுடன் எறிகணையின் ஒலி கேட்பவர்களும் உளர். அமைதி அவர்களுக்கு அமைதியாக இராது. அவர்கள் கண்ணைத் திறந்தபடியே இருக்கலாம், எழுந்து நிற்கலாம், வாயிலருகே சென்று வெளியே பார்க்கலாம். இதனை அறியாது வற்புறுத்துவோர் நன்மை செய்வதாக எண்ணித் தீமை செய்துவிடுவர். சாந்தியாசனம், மூச்சுப் பயிற்சி, நாமசெபம், செபமாலை, இசுலாமியரின் திக்ரு போன்ற பழக்கமான வழிகளை உளத்துயர் தணிக்கப் பயன்படுத்தலாம் என்று பேராசிரியர் சோமசுந்தரம் காட்டியுள்ளார். பாட்டியிடம் சிறுவயதிலே கண்ட ஒன்று குழுவிலே மீண்டும் எதிர்ப்படும்போது, வந்தவர்களின் கூச்சம் குறைகின்றது.

நான்காவது படியே இச்சிகிச்சையின் நடுநாயகம் எனலாம். எண்ணத்தை எண்ணமாகக் காண்பது என்பது அதன் பெயர். 'நான் பாவி' என்று ஒருத்தி தனக்குள் நாள்முழுதும் சொல்லிக்கொள்கின்றாள். 'நான் பாவி என்றோர் எண்ணம் எனக்கு வருகின்றது' என்று அதனைச் சொல்லிப் பார்க்கும்படி துணையாளர் கேட்கின்றார். வேறுபாடு சிறிதே, ஆனால் அச்சிறு இடைவெளியிலே மனிதன் மூச்சுவிட முடிகின்றது.

தனியொருவராகச் செய்வதற்கு இது மிகக் கடினம். குழுவிலேதான் இதன் பயன் தெரியும். மகன் காணாமற்போன தாய் ஒருநாள் பேசுகின்றாள் என்று கொள்வோம். 'அன்றைக்கு நான் அவனைக் கடைக்கு அனுப்பியிருக்கக் கூடாது' என்கின்றாள். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு கடலில் மனைவியை இழந்தவர் தலையைக் குனிந்தபடி, 'நான் அவவின் கையை விட்டிருக்கக் கூடாது, அக்கா' என்கின்றார். அவர் பாவியல்லர் என்பது அத்தாய்க்கு ஐயமின்றித் தெரியும். ஆழிப்பேரலையிலே எந்தக் கைதான் நிலைத்து நிற்கும்? 'தம்பி, அது உங்கள் பிழையில்லை' என்று அவள் உடனே சொல்லிவிடுகின்றாள். சொன்ன சொல் அவளுடைய காதிலும் விழுகின்றது. பிறருக்கு மனமார வழங்கிய நீதியைத் தனக்கு ஏன் மறுத்தாள் என்று அவள் வீடு செல்லும் வழியிலே எண்ணத் தொடங்குவாள். எந்த அறிஞரின் விளக்கமும் இவ்வளவு ஆழமாகச் சென்று சேராது. தம் துன்பம் தமக்கு மட்டும் உரியதன்று என்று உணர்வதைக் குழுச் சிகிச்சையின் முதன்மையான நலன்களுள் ஒன்றாக, அமெரிக்க உளமருத்துவர் இர்வின் யாலோம் 1970இல் வெளியிட்ட தம் நூலிலே எடுத்துக் கூறியுள்ளார்.

இவ்வாறு கூடி அழுவது தமிழருக்குத் தெரியாததன்று. செத்தவீட்டிலே பெண்கள் தோள்மேல் கைபோட்டு ஒப்பாரி சொல்லும்போது, ஒருத்தி மற்றவளின் இழவை நினைத்துத் தன் இழவுக்கும் அழுதுகொள்கின்றாள். எட்டுச் செலவு, அந்தியேட்டி, ஆட்டைத் திவசம் என்று நம் முன்னோர் துயருக்கு நாள் குறித்து வைத்தனர். போரும் இடப்பெயர்வும் அந்த ஒழுங்கைக் குலைத்துவிட்டன. உடல் கிடைக்காதபோது செத்தவீடு ஏது? நாள் தெரியாதபோது திவசம் ஏது?

இந்த வினா நம்மை மிகக் கடினமான இடத்துக்குக் கொண்டுவருகின்றது. காணாமற்போனோரின் குடும்பங்களுக்கு ஏற்பு என்ற சொல்லின் பொருள் யாது? சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவிடம் 1990ஆம் ஆண்டு முதல் இலங்கையில் 16,000க்கும் மேற்பட்டோர் காணாமற்போனோராகப் பதிவு செய்யப்பட்டுள்ளனர். அக்குழு 2014, 2015ஆம் ஆண்டுகளிலே இக்குடும்பங்கள் பலவற்றைக் கண்டு, அவர்களின் தேவைகளை ஆராய்ந்து 2016இல் அறிக்கை வெளியிட்டது. கிளிநொச்சியிலே 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி கந்தசுவாமி கோயில் முன்றிலில் தாய்மார் தொடங்கிய போராட்டத்தை நாடு அறியும். அமெரிக்க அறிஞர் போலின் பொஸ் 1970களிலே இத்தகைய இழப்புக்குத் தெளிவற்ற இழப்பு எனப் பெயரிட்டார். இறந்தார் என்று அழவும் முடியாது; இருக்கின்றார் என்று மகிழவும் முடியாது. மனைவி குங்குமம் இடுவதா, அழிப்பதா? ஆடி அமாவாசையன்று பிள்ளைகள் தந்தைக்கு விரதம் பிடிப்பதா, விடுவதா? எதனைச் செய்தாலும் ஊரிலே ஒருவர் குறை சொல்லுவார்.

இக்குடும்பங்களிடம் சென்று ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னால், 'மகன் செத்துவிட்டான் என்று ஒப்பம் இடச் சொல்கிறார்கள்' என்றே அவர்கள் கருதுவர். தேடுவதை விட்டுவிடச் சொல்லும் தந்திரம் என்றும் ஐயுறுவர். அந்த ஐயம் நியாயமானது. ஆதலின் இதனைத் திட்டவட்டமாகச் சொல்லவேண்டும். இச்சிகிச்சை எந்தத் தாயையும் மகன் இறந்தான் என்று முடிவு கட்டும்படி கேட்பதில்லை. மனுக் கொடுப்பதை நிறுத்தும்படி கேட்பதில்லை. நிகழ்ந்தது சரியென்று ஒப்பும்படியும் கேட்பதில்லை. மறந்துவிடுங்கள் என்று சொல்கின்ற துணையாளர் யாரேனும் இருந்தால், அவர் இம்முறையைக் கற்றவர் அல்லர். ஏற்கப்படுவது ஒன்றே: தெரியவில்லை என்பதனால் உள்ளத்திலே ஒவ்வொரு நாளும் எழுகின்ற நோவு. அந்நோவு தன்னுடன் இருக்கும்போதே அவள் உண்ணலாம்; எஞ்சிய பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கலாம்; மகனின் படத்தைக் கையிலேந்தி வீதியிலே நிற்கவும் செய்யலாம். நீதி கேட்பது அவள் மதிக்கின்ற ஒன்றாயின், அதனைத் தளராமற் கேட்பதற்கு வேண்டிய உடல்வலிமையையும் மனவலிமையையும் காத்துக்கொள்ள இம்முறை உதவுமேயன்றித் தடுக்காது.

ஐந்தாவது படி, அவரவர் மதிப்பதைத் தேர்ந்து அதற்கென ஒரு சிறு செயலைச் செய்தல். பெரிய தீர்மானங்கள் இங்கே வேண்டா. ஆசிரியை இரண்டு தரிப்பிடத் தூரம் பேருந்திலே செல்கின்றாள், நெஞ்சு படபடக்கத்தான் செய்கின்றது, ஆயினும் செல்கின்றாள். தோட்டக்காரர் இடுப்பு நோவுடனேயே காலையில் அரைமணி நேரம் வெங்காயப் பாத்திகளிடையே நடக்கின்றார். இளைஞன் பேரனுக்குப் பட்டம் கட்டக் கேட்ட அயல்வீட்டுப் பெரியவருக்கு ஒன்று கட்டிக் கொடுக்கின்றான். தாய் மகனுக்கு விருப்பமான கறியைச் சமைத்து, அழுதபடியே மகளுக்குப் பரிமாறுகின்றாள். நோவு போய்விட்டதா என்று கேட்டால் அவர்கள் இல்லையென்றே சொல்வர். நாள் எப்படிக் கழிந்தது என்று கேட்டால் விடை வேறாக இருக்கும்.

இவையெல்லாம் வெறும் நம்பிக்கையோ என்று ஐயுறுவோருக்கு ஒரு செய்தி. உலகச் சுகாதார நிறுவனம் இவ்வேற்பு முறையை அடிப்படையாகக் கொண்டு ஐந்து அமர்வுகளிலே முடியும் குழுப் பயிற்சியொன்றை அமைத்தது. பயிற்சியின் பெரும்பகுதி ஒலிப்பதிவாகவே ஒலிக்கும். ஏறத்தாழ முப்பது பேர் கூடியிருந்து கேட்கலாம். நடத்துவோர் உளமருத்துவராக இருக்கவேண்டியதில்லை. தென் சூடான் போரினால் இடம்பெயர்ந்து உகண்டாவிலே தங்கியிருந்த 694 பெண்களிடையே அது ஆராயப்பட்டது. பயிற்சி பெற்றவர்களின் மனத்துயர், பெறாதவர்களினதைவிடக் குறைந்திருந்ததை 2020இல் வெளியான முடிவுகள் காட்டின. ஒலிக்கும் குரலைச் சூழ்ந்திருந்து கேட்டல் வானொலி நேயர்களுக்குப் பழக்கமானதே. மருத்துவர் குறைந்த ஊர்களிலும் இவ்வழி கைகொடுக்கும் என்பதற்கு அது சான்று.

ஆயினும் இதன் எல்லைகளையும் சொல்லாது விடுவது முறையன்று. குழுவிற்கு வருவோர் அனைவரும் இறுதிவரை இருப்பதில்லை. பலர் முன்னிலையிலே பேசுவது சிலருக்கு, சிறப்பாக ஆண்களுக்கு, இயலாததாகின்றது. 'என் துன்பத்தோடு ஒப்பிட்டால் உன்னுடையது ஒரு துன்பமா' என்னும் எண்ணம் சிலவேளைகளில் வட்டத்துக்குள் நுழைந்து பிரிவை உண்டாக்குகின்றது. குழு முடிவடையும் நாளே இன்னோர் இழப்பாகச் சிலருக்கு அமைகின்றது. அதனாலேயே சில குழுக்கள் சிகிச்சை முடிந்த பின்பும் மாதம் ஒருமுறை தாமாகக் கூடுகின்றன. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உடையவர்களும், இல்லாத குரல் கேட்பவர்களும், ஊணுறக்கம் முற்றாக இழந்தவர்களும் குழுவை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. அவர்கள் காலந்தாழ்த்தாது தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலோ யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலோ உளமருத்துவரைக் காணவேண்டும். தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி எண்ணிலும் உதவி கேட்கலாம்.

குழுவிலே அமராத ஏனையோருக்கும் இதிலே பங்குண்டு. துயருற்றவரின் வீட்டுக்குச் செல்வோர் பெரும்பாலும் மூன்று சொற்களை எடுத்துச் செல்கின்றனர்: அழாதே, மறந்துவிடு, எல்லாம் நன்மைக்கே. மூன்றும் கதவுக்கு முட்டுக் கொடுக்கச் சொல்லும் சொற்களே. அவற்றை விட்டு, திண்ணையிலே அமர்ந்து, 'உங்கள் மகனைப் பற்றிச் சொல்லுங்கள், அம்மா' என்று கேட்டுவிட்டுப் பேசாதிருப்பவர் செய்யும் உதவி பெரிது. அத்தாய் அழலாம், அழுகை ஓய்ந்தபின் சிரித்துக்கொண்டே அவனுடைய சிறுவயதுக் குறும்பொன்றைச் சொல்லவும் கூடும். அன்றிரவு அந்த வீட்டிலே அடைபட்டிருந்த கதவுகளுள் ஒன்றாவது திறக்கும்.